ஆர்எக்ஸ்-8க்கு சூப்பர்சார்ஜரா, டர்போவா?

வளைவுப்பாதை எழுதியது:

நண்பர்களே, வணக்கம். என்னிடம் 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. ஆறு கியர் மேனுவல், ரெனிசிஸ் இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார்கள் சுழலும் ரோட்டரி வகை), இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இந்த வண்டியை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். 7000 ஆர்பிஎம்முக்கு மேலே 9000 வரை அது பாடுகிற பாட்டை வேறு எந்த இன்ஜினிலும் நான் கேட்டதில்லை. ஆனால் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு முடிந்து 3500இல் ஆக்சிலரேட்டரை மிதித்தால், இழுவை என்று சொல்லும்படி எதுவும் வருவதில்லை. டார்க் 216 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 5500இல்தான் உச்சம். வளைவுக்கு வளைவு கியர் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிய எண்கள் வேண்டாம். 300 குதிரைத்திறன் பக்கம் வந்தால் போதும். தினசரி ஓட்டும் வண்டி இல்லை. பெரும்பாலும் மலைப்பாதை, மாதம் ஒருமுறை பந்தயத் தடம். உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன். இக்னிஷன் காயில்கள், பிளக்குகள் எல்லாம் புதிது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் அடைப்பு இல்லை, சோதித்துவிட்டேன். நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு உடனே எடுத்தால் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றித்தான் பிடிக்கிறது. பேட்டரி பழசு என்று நினைக்கிறேன்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள, பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரா, எக்ஸாஸ்ட் வாயுவில் சுழலும் டர்போவா? எதைப் போட்டால் இன்ஜின் நீண்ட நாள் நிற்கும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.


இரட்டைச்சுருள் எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், டர்போதான். ஒன்பது வருடமாக எஃப்டி (மூன்றாம் தலைமுறை) ஆர்எக்ஸ்-7 வைத்திருக்கிறேன். ரோட்டரிக்கும் டர்போவுக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம். 1982இல் காஸ்மோ காரில் 12ஏ ரோட்டரி இன்ஜினுக்கு டர்போவைப் போட்டு ஆரம்பித்த மாஸ்டா, 2002இல் ஆர்எக்ஸ்-7 நிற்கும்வரை டர்போவை விடவில்லை. எஃப்டியில் முதல் டர்போ கீழிருந்தே வேலை செய்யும், 4500 வாக்கில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். சூப்பர்சார்ஜருடன் ஒரு ரோட்டரி சாலைக் காரைக்கூட அவர்கள் விற்றதில்லை. ரோட்டரியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் உண்டா? வெளியே வீணாகப் போகிற சூட்டை எடுத்து வேலை வாங்குவதை விட்டுவிட்டு, பெல்ட் மாட்டி இன்ஜினிடமே திரும்பக் கடன் வாங்குவானேன்?


மூன்றுமுனை எழுதியது:

வளைவுப்பாதை தம்பி, நான் இரண்டு வழியிலும் போய்வந்தவன். முதலில் எஃப்சி (இரண்டாம் தலைமுறை) ஆர்எக்ஸ்-7, டர்போவோடு, பதினொரு வருடம். பிறகு ஆர்எக்ஸ்-8. அதற்கு முதலில் டர்போ போட்டேன், இப்போது அதே வண்டியில் ட்வின் ஸ்க்ரூ (இரண்டு திருகுகள் சேர்ந்து சுழன்று காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர் இருக்கிறது, ஐந்து வருடமாக. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

இரட்டைச்சுருள் சொன்ன வரலாறு அத்தனையும் சரி. ஆனால் அது எல்லாமே ரோட்டார் ஹவுசிங்கில், அதாவது சுற்றுச்சுவரில், எக்ஸாஸ்ட் துளை வைத்த இன்ஜின்களின் வரலாறு. அபெக்ஸ் சீல், அதாவது ரோட்டாரின் முனையில் இருக்கும் சீல், அந்தத் துளையைத் தாண்டுகிற கணத்தில் வழி சட்டென்று திறக்கும். புகை வெடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த அடிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. ரோட்டரியும் டர்போவும் அவ்வளவு நன்றாக ஒத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அதுவே.

ரெனிசிஸில் அந்தத் துளையைப் பக்கவாட்டு இரும்புத் தட்டுகளுக்கு மாற்றிவிட்டார்கள். ரோட்டாரின் பக்கவாட்டு விளிம்பு நகர நகரத்தான் வழி திறக்கிறது, அதனால் அடி மென்மையாகிவிடுகிறது. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதே இல்லை. புகை குறைவதற்கும் எரிபொருள் மிச்சமாவதற்கும் அதுதான் வழி, அந்த வடிவமைப்பு மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் டர்போ போடுகிறவனுக்கு அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியே வரும் வழிகள் மூன்று: முன் தட்டில் ஒன்று, பின் தட்டில் ஒன்று, நடுத் தட்டில் இரண்டு ரோட்டாருக்கும் பொதுவாக ஒன்று. இரண்டு ரோட்டாரின் துடிப்பையும் தனித்தனியாகப் பிரித்து ட்வின் ஸ்க்ரோல் (இரண்டு தனி வழிகள் கொண்ட) டர்பைனுக்குக் கொண்டுபோக வழியில்லை, நடுவில் கலந்துவிடுகிறது. எஃப்சியில் எனக்கு இருந்த வசதி இதில் இல்லை.

இன்னொன்று சூடு. எந்த ரோட்டரியிலும் எக்ஸாஸ்ட் 900 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். டர்பைன் வழியை மறித்து நிற்கும்போது அந்தச் சூடான வாயு துளையருகே தேங்கும். ரெனிசிஸில் அந்தத் துளை மேல் உரசிக்கொண்டு போவது சைடு சீல், அதாவது ரோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் சீல். போதாததற்கு ரோட்டரியில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஸ்பார்க் பிளக்குகள் எதிர்ப்பக்கம். டர்போ போய் உட்காருவது இன்டேக் மேனிஃபோல்டின் அடியில். மலை ஏறி முடித்து பானெட்டைத் திறந்தால் மேனிஃபோல்டில் கை வைக்க முடியாது.

என் டர்போ இன்ஜின் 14 மாதம் நின்றது. பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், 7 பிஎஸ்ஐதான். ஏற்றத்தில், மூன்றாவது கியரில், முழு ஆக்சிலரேட்டரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரே ஒரு சத்தம். நாக்கிங், அதாவது கலவை பிளக்கின் பொறிக்குக் கட்டுப்படாமல் தானாக வெடிப்பதை, பிஸ்டன் இன்ஜின் நாலைந்து முறை பொறுத்துக்கொள்ளும். ரோட்டரிக்கு ஒன்று போதும். பின் ரோட்டாரின் அபெக்ஸ் சீல் உடைந்து, ஹவுசிங்கின் குரோம் பூச்சு முழுக்கக் கீறிவிட்டது. காரணத்தைத் தேடிப் பார்த்தபோது, பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரில் மின்னழுத்தம் குறைந்திருந்தது. பெட்ரோல் போதாமல் கலவை வறண்டுவிட்டது. டியூன் செய்தவர் அந்த ஒயரைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்கு டர்போவைக் குற்றம் சொல்ல மாட்டேன். சூப்பர்சார்ஜர் இருந்திருந்தாலும் அந்த ஒயர் அந்த சீலை உடைத்திருக்கும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேண்டியது 3500இல் இழுவை. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சூப்பர்சார்ஜரையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. சென்ட்ரிஃப்யூகல் வகையில், அதாவது சக்கரம் சுழன்று காற்றை வெளிநோக்கி வீசும் வகையில், பூஸ்ட் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 9000இல் 6 பிஎஸ்ஐ வருமாறு புல்லி போட்டால், 4500இல் கிடைப்பது ஒன்றரை. 3500இல் ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே நன்றாக இருக்கிற மேல்பகுதிக்கே மேலும் சேர்க்கும், குறைந்த இடத்தில் குறைந்தபடியே இருக்கும். 9000 வரை சுற்றுகிற இன்ஜினில் இந்த வித்தியாசம் மற்ற வண்டிகளைவிடப் பெரிதாகத் தெரியும்.

ட்வின் ஸ்க்ரூ அப்படி இல்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று கணக்காகத் தள்ளும், 3000இலேயே பெரும்பகுதி பூஸ்ட் வந்துவிடும். ஓட்டும்போது டர்போ வண்டி போலவே இருக்காது. அதே இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து வைத்தது போல இருக்கும். கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு, அந்த நொடியே. வளைவின் நடுவில் பாதி ஆக்சிலரேட்டரில் பின் டயரோடு பேசிக்கொண்டே வெளியே வரலாம். ஆர்எக்ஸ்-8இன் எடை முன்னும் பின்னும் ஐம்பதுக்கு ஐம்பது. அந்தச் சமநிலையை நம்பி ஓட்டுகிறவனுக்கு, திடீரென்று வந்து விழாத சக்தி எவ்வளவு பெரிய விஷயம் என்று முதல் நாளே புரியும்.

அதற்கு ஒரு விலை இருக்கிறது. 30 டிகிரி காற்றை 6 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், 65 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் அது 80 டிகிரியை நெருங்கும். ரெனிசிஸின் கம்ப்ரஷன் விகிதம் 10க்கு 1, எஃப்டியில் 9க்கு 1. அந்தச் சூட்டோடு காற்றை உள்ளே விட்டால் நாக்கிங் வாசலில் காத்திருக்கும். அதனால் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) இல்லாத கிட் எதையும் தொடாதே, எவ்வளவு குறைந்த பூஸ்ட் என்று சொன்னாலும் சரி. என்னுடையது தண்ணீர் வழியாகக் குளிர்விப்பது. அப்புறம், இரட்டைச்சுருள் சொன்ன கடன் உண்மைதான். என் கணக்குப்படி 8500இல் ட்வின் ஸ்க்ரூவைச் சுழற்றவே சுமார் 20 குதிரைத்திறன் போகிறது. அந்தச் சுழற்சியில் என் வண்டியைவிட நல்ல டர்போ வண்டி வேகமாகப் போகும். மலைப்பாதையில் அது எனக்கு ஒருபோதும் உறைத்ததில்லை.

எதைப் போட்டாலும் பொதுவான வேலைகள் உண்டு. பெட்ரோல் பம்புக்கு ரிலேயோடு தனி ஒயர். பெரிய இன்ஜெக்டர்கள். கலவையை அளக்க வைட்பேண்ட் சென்ஸர், முழு பூஸ்ட்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 11 பங்குக்கு அருகில். ஆயில் வெப்பநிலைக்குத் தனி மீட்டர், ஏனென்றால் ரோட்டாரை உள்ளிருந்து குளிர்விப்பது ஆயில்தான். 2009க்கு முந்தைய ஆர்எக்ஸ்-8இல் ரோட்டாருக்கு இரண்டு ஆயில் நாசில்கள்தான், சீலின் நடுப்பகுதிக்கு எண்ணெய் சரியாகப் போவதில்லை. பிற்பாடு வந்த வண்டிகளில் மாஸ்டாவே மூன்றாவதைச் சேர்த்தது. நான் லிட்டருக்கு 5 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலக்கிறேன்.

ஆனால் தம்பி, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. சூடாக இருக்கும்போது எடுக்கச் சிரமப்படுகிறது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். அதைப் பேட்டரி என்று எண்ணிவிடாதே. ரோட்டரி கம்ப்ரஷன் டெஸ்டர் வைத்து, மூன்று முகத்தையும் தனித்தனியாக, இரண்டு ரோட்டாருக்கும் எடு. சாதாரண பிஸ்டன் கேஜ் பயன்படாது, அது மூன்று முகத்தில் பெரிய எண்ணை மட்டுமே காட்டும். அந்த ஆறு எண்களும் வரும்வரை எதையும் வாங்காதே.


இரட்டைச்சுருள் எழுதியது:

நடுத் துளை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ரெனிசிஸை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆனால் காற்றைத் தள்ளியது பெல்ட்டா டர்பைனா என்று அபெக்ஸ் சீலுக்குத் தெரியாது. டர்போவில் இன்று 5 பிஎஸ்ஐ, டியூன் உறுதியான பிறகு 7 என்று பூஸ்ட் கன்ட்ரோலரில் மாற்றிக்கொள்ளலாம். வெயில் அதிகமான நாளில் குறைத்துக்கொள்ளலாம். சூப்பர்சார்ஜரில் புல்லியைக் கழற்றி மாற்ற வேண்டும். சிறிய டர்போவைத் தேர்ந்தெடுத்தால் 3000 தாண்டியதும் பூஸ்ட் வந்துவிடும், மெதுவாகப் போகும்போது இன்ஜினுக்குச் சுமையும் இல்லை. மாதாமாதம் தடத்தில் ஓட்டுகிறவர் என்பதையும் மறக்க வேண்டாம். இருபது நிமிடம் விடாமல் மேல் சுழற்சியில் ஓட்டினால் ட்வின் ஸ்க்ரூவும் கொதிக்கும், அதன் இன்டர்கூலர் தண்ணீரும் கொதிக்கும்.


மூன்றுமுனை எழுதியது:

நியாயமான பேச்சு. தடத்தில் எனக்கும் அது நடக்கிறது. மூன்றாவது சுற்றிலிருந்து உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை ஏறுவதை மீட்டரிலேயே பார்க்கலாம். நான் ஐந்து சுற்று ஓட்டி ஒரு சுற்று ஆற விடுகிறேன். தடம்தான் முக்கியம் என்று ஒருவர் வந்திருந்தால் நானும் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஒருவேளை எதுவும் போடாதே என்றே சொல்லியிருப்பேன். 1991இல் லே மான்ஸ் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் டர்போவும் கிடையாது, சூப்பர்சார்ஜரும் கிடையாது. நான்கு ரோட்டார், 9000இல் 700 குதிரைத்திறன், 24 மணி நேரம்.


வளைவுப்பாதை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பேட்டரியைப் புதிதாக மாற்றிவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன் எடுத்தேன். 250 ஆர்பிஎம்முக்குத் திருத்திய எண்கள், சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில்:

முன் ரோட்டார்: 8.1, 8.0, 8.2
பின் ரோட்டார்: 7.3, 6.3, 7.4

அந்த 6.3ஐப் பார்த்ததும் மனசு உட்கார்ந்துவிட்டது. மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் அதேதான்.


மூன்றுமுனை எழுதியது:

மனசை விடாதே. இப்போதே தெரிந்தது நல்லது. பூஸ்ட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் ஹவுசிங்கும் போயிருக்கும்.

மாஸ்டா சொல்லும் குறைந்தபட்சம் 6.9. புதிய இன்ஜினுக்கு 8.5. உன் முன் ரோட்டார் இந்த வயதுக்கு அருமை. பின் ரோட்டாரில் ஒரு முகம் மட்டும் விழுந்திருக்கிறது, அதை நன்றாகக் கவனி. ஒவ்வொரு அபெக்ஸ் சீலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களுக்குப் பொது. ஒரு அபெக்ஸ் சீல் போயிருந்தால் இரண்டு எண்கள் சேர்ந்து விழுந்திருக்கும். சைடு சீல் அந்தந்த முகத்துக்குச் சொந்தமானது. ஒற்றை எண் விழுந்தால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். தேய்ந்திருக்கலாம், அல்லது கார்பன் படிந்து பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு மேலே வர முடியாமல் இருக்கலாம். திறந்து பார்த்தால்தான் உறுதியாகும்.

இன்ஜினை இறக்கத்தான் வேண்டும். இறக்கியதும் ரோட்டார் இரண்டையும் பார், முன்னது நன்றாக இருக்கிறதே என்று பாதியில் மூடிவிடாதே. அபெக்ஸ், கார்னர், சைடு சீல்கள், ஸ்பிரிங்குகள், தண்ணீர் சீல்கள் எல்லாம் புதிது. சைடு சீலின் முனைக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்து, தேய்த்துப் பொருத்துகிறவரிடம் மட்டும் வேலையைக் கொடு. அளக்கிறீர்களா என்று கேட்டால் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

இன்னொன்றை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உன் குறை 3500இல். ரெனிசிஸின் இன்டேக்கில் இரண்டாம் துளையை மூடி வைக்கும் ஷட்டர் வால்வு ஒன்று உண்டு, 3750 வாக்கில்தான் திறக்க வேண்டும். கார்பன் ஏறி அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், கீழ்ச்சுழற்சியில் காற்றின் வேகம் குறைந்து இழுவை செத்துவிடும். மேனிஃபோல்டைக் கழற்றும்போது கையால் திருப்பிப் பார். 6250 வாக்கில் திறக்கிற துணைத் துளை வால்வையும் கூடவே சுத்தம் செய்துவிடு.

இன்ஜின் திரும்ப வந்ததும் 2000 கிலோமீட்டர் பூஸ்ட் இல்லாமல் ஓட்டு. ஆரோக்கியமான ரெனிசிஸ் 3500இல் எப்படி இழுக்கும் என்பது உனக்கு இன்னும் தெரியாது. நீ வாங்கியபோதே அது இப்படித்தான் இருந்திருக்கக்கூடும். அதன் பிறகும் போதவில்லை என்றால் ட்வின் ஸ்க்ரூ, 6 பிஎஸ்ஐ, இன்டர்கூலரோடு. என் டியூன் ஃபைலை அனுப்புகிறேன், நேரே போட்டு ஓட்டுவதற்கல்ல, ஒப்பிட்டுப் பார்க்க.


வளைவுப்பாதை எழுதியது (ஆறு வாரம் கழித்து):

திறந்தாயிற்று. பின் ரோட்டாரில் அந்த ஒரு முகத்தின் சைடு சீல் கார்பனில் புதைந்து கிடந்தது, விரலால் அழுத்தினால் அசையவே இல்லை. அபெக்ஸ் சீல்கள் தேய்ந்திருந்தாலும் முழுசாக இருக்கின்றன. ஹவுசிங் இரண்டிலும் கீறல் இல்லை, திரும்பப் பயன்படுத்தலாம் என்று அளந்து பார்த்துச் சொன்னார்கள். ஷட்டர் வால்வு முக்கால்வாசி திறந்த நிலையில் இறுகியிருந்தது. மூன்றுமுனை அண்ணா, அதை மேஜையில் வைத்துச் சுத்தம் செய்து, தானாக மூடிக்கொள்வதைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன்.

சைடு சீல்களை இப்போது ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் பம்புக்குப் புது ஒயரையும் இழுத்துவிட்டேன், சூப்பர்சார்ஜர் வந்தாலும் வராவிட்டாலும். 2000 கிலோமீட்டர் முடிந்ததும் ஆறு எண்களோடு வருகிறேன்.